மாசர்காரர்

மாசர்காரர் வீட்டுக்குப் போகிறவர்கள் அவர் காதுபட ‘துப்பாக்கி’ என்று சொல்லிவிடக் கூடாது. துப்பாக்கி என்றால் ஏட்டையா தோளில் தொங்குவது, தீபாவளிக்குப் பிள்ளைகள் ரோல் கேப் போட்டு வெடிப்பது. அவரிடம் இருப்பது ரைபிள். ரைபிளிலும் ஜெர்மன் ரைபிள். அதிலும் ஆப்பிரிக்காவில் யானையையும் காட்டெருமையையும் சாய்க்கவென்றே செய்த ரகம். இவ்வளவையும் அவர் சொல்லி முடிப்பதற்குள் நமக்கு வைத்த காபியில் ஆடை படிந்துவிடும்.

களமருதூர்ப் பக்கத்துப் பழைய பண்ணை வீடுகளில் இப்படி ஒருவர் அகப்படுவார். நிலத்தில் முக்கால்வாசி போயிருக்கும். திண்ணை மட்டும் குறையாமல் இருக்கும். மின்வாரியத்திலோ கூட்டுறவு வங்கியிலோ ஓய்வு பெற்றவர். சட்டைப் பையில் பேனாவுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன பூதக்கண்ணாடி. இரும்பில் குத்தியிருக்கும் முத்திரைகளைப் படிப்பதற்காக அது. ஜெர்மனியில் 1891இல் வந்த சட்டப்படி ஒவ்வொரு குழலையும் சோதித்து, கிரீடமும் அதன் கீழ் ஓர் எழுத்துமாக முத்திரை குத்துவார்களாம். கிரீடத்தின் கீழ் ‘ஜி’ இருந்தால் உள்ளே வரி வெட்டிய குழல் என்று பொருள். இதை அவர் நம் கையைப் பிடித்து வைத்துக்கொண்டு விளக்குவார். ஸ்மார்ட் கார்டில் அவர் அப்பா பெயரைத் தப்பாக அடித்திருக்கிறார்கள். அதை மட்டும் இன்றுவரை அவர் கவனிக்கவில்லை.

‘கலெக்‌ஷன்’ என்று அவர் சொல்வதைக் கேட்டால் நாலைந்து அறை நிறைய இருக்கும் என்று தோன்றும். கண்ணால் பார்க்கக்கூடியது தாத்தா விட்டுப்போன ஒரு மாசர் ரைபிள், பச்சைக் களிம்பு ஏறிய சில தோட்டாக்கள், வெடித்துப்போன ஒரு தோல் பட்டை, அவ்வளவுதான். மீதியெல்லாம் ஒரு பேரேட்டில் இருக்கிறது. சிவப்புத் துணி அட்டை போட்ட கணக்குப் பேரேடு. இடப்பக்கம் ‘இருப்பு’; அதில் ஒரே வரி. வலப்பக்கம் ‘வரவேண்டியது’, அது பக்கம் பக்கமாகப் போகிறது. ‘சூல் நகரம், சாவர் அண்ட் சோன், 1751 முதல், மூன்று குழல் டிரில்லிங்: மேலே ரவைக்கு இரண்டு, கீழே குண்டுக்கு ஒன்று.’ ‘ஓபர்ன்டார்ஃப் மாசர், ஆப்பிரிக்கா மாடல், 28 அங்குலக் குழல்.’ இப்படி வரிசையாக. அறுவடைக் கடன்காரர்களை எழுதிவைத்த தாத்தாவின் கையெழுத்து மாதிரியே பேரனுடையதும் இருக்கிறது. வசூலும் அதே லட்சணம்தான்.

வசூலாகாததற்குச் சட்டமும் ஒரு காரணம். 1959ஆம் வருட ஆயுதச் சட்டத்தின்படி முன்பெல்லாம் ஒருவர் மூன்று வரை வைத்துக்கொள்ளலாம். 2019இல் அதை ஒன்றாக்க மசோதா வந்தது. ஆட்சேபம் கிளம்பி இரண்டில் நின்றது. பரம்பரையாக வந்தவற்றுக்கும் அதே கணக்கு. மிச்சமிருந்தால் ஸ்டேஷனிலோ லைசென்ஸ் பெற்ற கடையிலோ ஒப்படைக்க வேண்டும். தபால்தலை சேர்க்கிறவனைக் கூப்பிட்டு, இரண்டு தபால்தலை போதும், மீதியை ஸ்டேஷனில் கொடுத்துவிடு என்றால் எப்படியிருக்கும்? தனியார் வெளிநாட்டிலிருந்து வரவழைக்கலாம் என்றால், அந்தக் கதவை எண்பதுகளிலேயே சாத்திவிட்டார்கள். சட்டம் இரண்டு அனுமதிக்கிறது, இவரிடம் ஒன்றுதானே இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். கேட்காதீர்கள். “இன்னொண்ணு வாங்கிட்டா அப்புறம் வாங்க இடமில்லாம போயிடும் தம்பி” என்பார்.

இருக்கும் ஒன்றின் லைசென்ஸைப் பற்றித் தனியாக ஒரு ஸ்தல புராணமே எழுதலாம். தாத்தா காலத்தில் அது தென்னாற்காடு மாவட்ட ஃபைல். கடலூர் கலெக்டர் ஆபீசில் கிடந்தது. 1993இல் மாவட்டத்தைப் பிரித்தபோது ஃபைல் விழுப்புரம் போனது. 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானதும் மறுபடி மூட்டை கட்டியது. ரைபிள் பீரோவை விட்டு நகரவில்லை, ஃபைல் மூன்று தலைநகரம் பார்த்துவிட்டது. ஒவ்வொரு ரினீவலுக்கும் ‘உயிருக்கு அச்சுறுத்தல் உண்டா?’ என்கிற தோரணையில் விசாரிக்கும்போது அவர் சங்கடப்படுவார். பங்காளிகள்கூட இப்போது அவரைச் சீண்டுவதில்லை.

ஆனால் தேர்தல் வந்தால் ரைபிள் வெளியே கிளம்பியாக வேண்டும். 2021 அவருக்குக் கண்டச் சனி பிடித்த வருடம். ஏப்ரலில் சட்டசபைத் தேர்தல். மூச்சு விடுவதற்குள் அக்டோபரில் கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்கு ஊரக உள்ளாட்சித் தேர்தல். பழைய சால்வையில் சுற்றி, மடியில் பேரக் குழந்தையை வைத்துக்கொள்வது போல ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போவார்.

“ஏட்டையா, ‘மாசர், ஓபர்ன்டார்ஃப், டைப் பி, பத்து புள்ளி ஏழு அஞ்சு’ன்னு எழுதுங்க.”

“அவ்ளோ எடமில்லீங்க ஐயா. ‘பழைய துப்பாக்கி ஒன்று’ன்னு போட்டுர்றேன்.”

“பழசா? ரெட்டை விசைங்க இது. பின் விசையை இழுத்து வெச்சா, முன் விசை மயிரிழையில எறங்கும் பாருங்க...”

“ஐயா, இங்க எதையும் இழுக்காதீங்க.”

ஒருமுறை திரும்பி வந்தபோது அக்ரூட் மரக் கட்டையில் வெள்ளைப் பெயின்ட்டால் ஒரு நம்பர் போட்டிருந்தார்கள். அன்று அவர் சாப்பிடவில்லை. டர்பன்டைன் தொட்டுத் துடைத்ததில் நம்பரோடு பாலிஷும் போனது. இப்போது அந்த இடத்தைக் காட்டி, “கிளிமாஞ்சாரோ பக்கத்து வெயில்ல வெளுத்தது” என்கிறார். பக்கத்திலேயே நீளமாக ஒரு கீறல் உண்டு. அது சிங்கத்தின் நகம் பட்டதாம். அடுப்படியிலிருந்து அவர் மனைவியின், எங்கள் அத்தையின், குரல் வரும்: “தானே புயலன்னிக்குப் பரண்லேர்ந்து விழுந்தது.” 2011 டிசம்பர் 30ஆம் தேதி கடலூர், விழுப்புரம் பக்கம் சாயாத மரமில்லை, பரணிலிருந்த மாசர் எம்மாத்திரம்?

உண்மையில் அந்த ரைபிள் ஆப்பிரிக்காவைக் கண்டதேயில்லை. வெள்ளைக்காரன் ஆட்சியில் .303 ராணுவத் தோட்டா என்பதால் பொதுமக்கள் வைத்துக்கொள்ளத் தடை. ராணுவத்துக்கு ஆகாத அளவுகளில் வந்த ஜெர்மன் சரக்குக்கு அதனால் இங்கே மவுசு கூடியது. ஆப்பிரிக்காவுக்குப் போன அதே 10.75 தோட்டா இந்தியாவில் ‘.423’ என்ற பெயரில் விற்றது. தாத்தா மெட்ராஸில் வாங்கினார், ரயிலில் கொண்டுவந்தார். மாசர்காரர் இதை ஒப்புக்கொள்வார், ஆனால், “ஜாதகம் ஆப்பிரிக்கா ஜாதகம்தானே?” என்பார். யானைக்கு அந்தத் தோட்டா போதாது, ஆழமாக இறங்காது என்று அங்கிருந்த வேட்டைக்காரர்களே குறைப்பட்டிருக்கிறார்கள். இதை மட்டும் அவரிடம் சொல்லிவிடாதீர்கள்.

பேச்சில் அவருக்கு மூன்று துருப்புச் சீட்டுகள். முதலாவது ஜிம் கார்பெட். 436 பேரைத் தின்றதாகச் சொல்லப்படும் சம்பாவத் புலியை 1907இல் கொன்றதற்காக அவருக்குப் பரிசாகக் கிடைத்த ரைபிள், பெயருக்குத்தான் லண்டன் ரிக்பி. உள்ளே இருந்த போல்ட்டும் இயக்கமும் மாசர். இது சத்தியமான செய்தி, மறுக்க முடியாது. இரண்டாவது ‘கரமோஜோ’ பெல். ஆயிரத்துக்கு மேல் யானைகளைச் சாய்த்தவர். அதில் பெரும்பகுதியை 7 மி.மீ. மாசர் தோட்டாவாலேயே முடித்தார். யானையின் மண்டை ஓட்டை அறுத்துப் பார்த்து மூளை எங்கே இருக்கிறதென்று பாடம் படித்த மனிதர். இந்தக் கதையைக் கேட்கும்போதெல்லாம் என் மனம் யானை கட்சிக்கே போய்விடுகிறது. மூன்றாவது 1914 ஆகஸ்ட் கல்கத்தா: ரோடா கம்பெனிக்குத் துறைமுகத்திலிருந்து சரக்கு ஏற்றிய ஏழு மாட்டு வண்டிகளில் ஆறுதான் போய்ச் சேர்ந்தன. ஏழாவது வண்டி 50 மாசர் பிஸ்டல்களோடும் 46,000 தோட்டாக்களோடும் புரட்சிக்காரர்களிடம் போய்விட்டது. பிஸ்டலுக்கும் வேட்டை ரைபிளுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், “ஒரே வயித்துப் பிள்ளைங்க” என்பார்.

அவருக்குக் கோபம் வரும் இடம் ஒன்று உண்டு: கல்வராயன் மலை. அங்கே எப்போதாவது நாட்டுத் துப்பாக்கி பிடிபட்டதாகப் பேப்பரில் வந்தால் மனிதர் கொதித்துப்போவார். குழல் வாயில் கரிமருந்தைக் கொட்டி இடித்து, மேலே பால்ரஸ் குண்டைப் போட்டுச் சுடுவதெல்லாம் ஒரு ஆயுதமா என்பது அவர் கேள்வி. மலைக்காரர் அதை வைத்திருந்தது மரவள்ளியையும் சாமையையும் பன்றியிடமிருந்து காப்பாற்ற. ஆனால் மாசர்காரர் தலையில் தூக்கி வைத்து ஆடும் ஆப்பிரிக்க ரைபிளின் கதை என்ன? 1905இல் பெர்லின் துப்பாக்கித் தொழிலாளி ஓட்டோ பாக் 9.3 மி.மீ. தோட்டாவை வடிவமைத்ததே, ஆப்பிரிக்காவில் குடியேறிய ஜெர்மன் தோட்டக்காரர்களுக்காகத்தான். இங்கிலீஷ் ரெட்டைக்குழல் ரைபிள் வாங்க அவர்களிடம் காசில்லை. விளைச்சலை மிதிக்கும் விலங்கை விரட்ட, கட்டுப்படியாகிற விலையில் ஒரு சாமான் வேண்டியிருந்தது. ஆக, அதுவும் பயிர்க்காவல் துப்பாக்கிதான். ஊர் மட்டும் வேறு.

இதை ஒருநாள் எடுத்துச் சொன்னேன். அவர் பூதக்கண்ணாடியை வேட்டியில் துடைத்தார். “மழை வர்ற மாதிரி இருக்குது” என்றார்.

அதே 1905இல் ஜெர்மன் கிழக்காப்பிரிக்காவில், இன்றைய தான்சானியாவில், மாஜி மாஜி கிளர்ச்சி வெடித்தது. மந்திரித்த தண்ணீர் ஜெர்மன் குண்டைத் தண்ணீராக்கிவிடும் என்று நம்பி மக்கள் எதிரே போய் நின்றார்கள். குண்டில் செத்தவர்களைவிட, அதையொட்டி வந்த பஞ்சத்தில் செத்தவர்கள் அதிகம். பேரேட்டில் இதற்குப் பக்கம் கிடையாது.

தாத்தா கல்வராயன் மலையில் ஜாகிர்தார் விருந்தாளியாகப் போய்க் கரடி சுட்டார் என்பது குடும்ப வரலாறு. 1976இல் அரசு ஜாகிர்களை எடுத்துக்கொண்டது. அதற்கு நாலு வருடம் முன்னாலேயே வனவிலங்குச் சட்டம் வந்து வேட்டைக்குக் கடிவாளம் போட்டாயிற்று. தாத்தா சுட்ட கரடி ஒன்று. பேரன் விடும் கரடிகள் ஆண்டுக்காண்டு பெருகுகின்றன. 2025 தொடக்கத்தில், காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் காட்டுப்பன்றியைச் சுடலாம் என்று அறிவிப்பு வந்தபோது மனிதர் நிமிர்ந்து உட்கார்ந்தார். சுடப்போவது வனத்துறையாம் என்று அடுத்த வரியை அத்தை படித்ததும் மறுபடி சாய்ந்துகொண்டார்.

உறவுக்காரப் பையன் ஒருவன் ஸ்டட்கார்ட்டில் கார் கம்பெனியில் வேலை பார்க்கிறான். ஓபர்ன்டார்ஃப் அங்கிருந்து தூரமில்லை. மாசர் தொழிற்சாலை இருந்த ஊர் அது; ஆயுத மியூசியம்கூட இருக்கிறது. “ஒரு எட்டுப் போய் நாலு போட்டோ அனுப்புடா” என்று வாரம் தவறாமல் கேட்டார். கிறிஸ்துமஸ் சந்தையில் வறுத்த பாதாம் தின்னும் போட்டோவை அவன் அனுப்பினான். அதைப் பெரிதாக்கி, பின்னால் தெரியும் கட்டிடத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார்.

ஆக, அவர் சுட்டே பார்த்ததில்லையா? .423 தோட்டா எந்தக் கடையிலும் இல்லை. வீட்டில் இருப்பவை டி.டபிள்யூ.எம். கம்பெனியின் கார்ல்ஸ்ரூ சரக்கு. சுட்டால் கலெக்‌ஷன் போய்விடும். அதனால் மாதம் ஒருமுறை போல்ட்டை உருவி, பேரனின் பழைய பனியன் துணியைக் கயிற்றில் கட்டிக் குழலுக்குள் இழுத்து, தையல் மெஷின் எண்ணெய் தடவி, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து ஒரு கண்ணை மூடிப் பார்ப்பார். எதிர்வீட்டம்மா அந்த நேரம் பார்த்து ஜன்னலைச் சாத்துவார்.

கூவாகம் திருவிழாவில் பலூன் கடையைப் பார்த்ததும் மாசர்காரருக்குக் கால் நின்றுவிட்டது. அங்கே இருந்தது ஏர்கன். லைசென்ஸ் தேவைப்படாத ஜாதி. கையில் வாங்கிப் புரட்டினார். “டயானா மாதிரி செஞ்சிருக்கான். ஒரிஜினல் ராஸ்டாட்லேர்ந்து வரணும்” என்று கடைக்காரப் பையனுக்குச் சொல்லிவிட்டு, காலை அகட்டி, மூச்சைப் பிடித்துச் சுட்டார். முதல் குண்டு தட்டியில் பட்டது. இரண்டாவது எங்கே போனதென்று தெரியவில்லை. மூன்றாவதுக்குப் பக்கத்துக் கடை வளையல்காரர் ஒதுங்கிக்கொண்டார். குழல் கோணல், கட்டை நீளம் பத்தாது, காத்து வேற அடிக்குது என்றார் மாசர்காரர்.

“இன்னும் ரெண்டு குண்டு பாக்கி இருக்குது தாத்தா. வேணும்னா கிட்ட வந்து சுடுங்க” என்றான் பையன்.