நிறுத்தும்போது ஓடிய வண்டி

அமெரிக்காவில் பழைய தோட்டத்து டிராக்டரை விற்கிறவர்கள் எல்லோரும் ஒரே வாக்கியத்தைத்தான் ஒப்பிப்பார்கள்: "கடைசியாக நிறுத்தும்போது ஓடிக்கொண்டுதான் இருந்தது." பொய் இல்லை. ஓடாத வண்டியை யாரால் நிறுத்த முடியும்? எந்த வருஷம் நிறுத்தினீர்கள் என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. அதைக் கேட்கத் தோன்றாமல், பேரமும் பேசாமல், இந்தியானாவில் ஒரு பண்ணைக் கொட்டகையிலிருந்து நான் சிகாகோ புறநகருக்கு ஏற்றிவந்தது, 1960களின் கடைசியில் செய்த ஒரு வீல் ஹார்ஸ். மாடல் என்ன என்று மட்டும் கேட்காதீர்கள். அது தனிக்கதை, பிறகு வருகிறேன்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு புறநகர்கள் பெருகியபோது, வீட்டைச் சுற்றி அரை ஏக்கர், ஒரு ஏக்கர் வைத்திருந்தவர்களுக்காக வந்த வண்டி இது. நிஜ டிராக்டரைத் தெரியாமல் வெந்நீரில் துவைத்துச் சுருங்கவிட்டதுபோல இருக்கும். ஆனால் ஒற்றைக் கலப்பை மாட்டினால் உழும், முன்னால் பலகை மாட்டினால் பனி தள்ளும், வயிற்றுக்கு அடியில் பிளேடு மாட்டினால் புல் வெட்டும். சவுத் பெண்ட் நகரில் எல்மர் பாண்டும் மகன் சிசில் பாண்டும் 1946-ல் சின்னதாகத் தொடங்கிய தொழில்தான் வீல் ஹார்ஸ் ஆனது. கிராக்கியைப் பார்த்துப் பெரிய டிராக்டர்காரர்களும் இறங்கினார்கள். 1961-ல் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டரின் கப் கேடட் வந்தது, 1963-ல் விஸ்கான்சினின் ஹொரிக்கன் ஊரிலிருந்து ஜான் டீர் 110 வந்தது. வீல் ஹார்ஸ் 1974-ல் அமெரிக்கன் மோட்டார்ஸ் கைக்குப் போய், 1986-ல் டோரோ கைக்கு வந்து, 2007-உடன் பெயரே போய்விட்டது. வண்டிகள் போகவில்லை. வார்ப்பிரும்பு அவ்வளவு சுலபத்தில் சாகாது. என் கையில் கிடைத்தும் சாகவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் வாங்கிய செய்தி கோபிச்செட்டிப்பாளையத்துக்கும் போய்ச் சேர்ந்தது. அப்பா வாழ்நாளெல்லாம் கிணற்று மேட்டில் ஆயில் எஞ்சினோடு மல்லுக்கட்டியவர்.

"என்ன கண்ணு, டிராக்டர் வாங்கிட்டயாமா? உங்கொம்மா சொன்னா."

"ஆமாங்கப்பா. சின்ன வண்டிங்க."

"எத்தன கலப்ப இழுக்கும்?"

"ஒண்ணு இழுக்குமுங்க. ஆனா நான் உழுகறதில்லீங்க. புல்லு வெட்டறதுங்க."

"மாடு எத்தன வெச்சிருக்கே?"

"மாடு இல்லீங்கப்பா."

"அப்பறம் வெட்டுன புல்ல?"

"அப்படியே கெடந்து மக்கிருமுங்க."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "செரி, அம்மா பேசோணுங்கறா" என்று போனைக் கைமாற்றிவிட்டார்.

என் வண்டியில் இருப்பது கோலர் கே181. ஒற்றை சிலிண்டர், 8 குதிரைத்திறன், காற்றில் குளிரும் எஞ்சின். கோலர் என்றால் நம் ஊர் அடுக்குமாடிகளில் குளியலறைக் குழாய்தான் நினைவுக்கு வரும். விஸ்கான்சினைச் சேர்ந்த அதே கம்பெனிதான். இந்த எஞ்சினில் வால்வு இரண்டும் சிலிண்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும், அதனால் மேலே இருக்கும் ஹெட் வெறும் மூடிதான். கம்ப்யூட்டர் கிடையாது, சென்சார் கிடையாது. காற்று, பெட்ரோல், தீப்பொறி மூன்றும் நேரத்துக்கு வந்தால் ஓடும். ஒன்று வராவிட்டால் ஓடாது. பள்ளிக்கூடப் பையனுக்கே விளங்குகிற இயந்திரம். நானோ மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். இவ்வளவு எளிமை எனக்கு ஆகாது.

என்னிடம் ஒரு வியாதி உண்டு. வண்டி நின்றால், கடையில் விற்கிற பாகத்தின்மேல்தான் எனக்கு முதல் சந்தேகம் வரும். அடைத்துக்கொண்ட ஓட்டை, அழுக்கேறிய எர்த், தளர்ந்த திருகு இதையெல்லாம் யாரும் பெட்டியில் போட்டு விற்பதில்லை. ஆகவே அவை என் கண்ணில் படுவதில்லை.

முதலில் கிளப்பியபோது மயிர் பொசுங்கும் வாடை வந்தது. ஃபிளைவீலில் இருக்கும் விசிறிதான் காற்றைத் தகர உறைக்குள் தள்ளி எஞ்சினைக் குளிர்விக்கும். அந்த உறையைக் கழற்றி உள்ளே பார்த்துவிட்டுத்தான் பழைய எஞ்சினைத் தொட வேண்டும். நான் தொட்டுவிட்டுப் பார்த்தேன். ஏதோ ஒரு எலி பல தலைமுறைக்குக் கட்டிய வீடு அங்கே இருந்தது. பஞ்சு, வைக்கோல், ஓக் கொட்டை, சீட்டிலிருந்து திருடிய ஸ்பாஞ்ச். நல்லவேளை, குடியிருந்தவர்கள் அதற்கு முன்பே காலி செய்துவிட்டிருந்தார்கள்.

அடுத்தது பெயின்ட். மெக்கானிக் வேலைக்குப் பொறுமை வேண்டும், பெயின்ட் அடிக்கத் தைரியம் போதும். எனக்குத் தைரியத்துக்குக் குறைவில்லை. உப்புத்தாளை எடுத்து ஒரு சனிக்கிழமை முழுக்கத் தேய்த்தேன். துருவோடு சேர்ந்து, நைந்துபோன ஒரு ஸ்டிக்கரும் தூளாகப் போனது. வண்டியின் மாடல் எண்ணும் வரிசை எண்ணும் அச்சிட்டிருந்த ஸ்டிக்கர் அது. வீல் ஹார்ஸ் வருஷா வருஷம் பெயரை மாற்றி, உள்ளே இருப்பதைக் கொஞ்சம் கொஞ்சம் மாற்றிக்கொண்டே இருந்தது. அந்த எண் இல்லாமல் உதிரிபாகம் கேட்டுப் போவது, எந்த ஊர் என்று சொல்லாமல் பஸ் டிக்கெட் கேட்பதுதான். கடைக்காரர் எண் கேட்டால் நான் இப்போதும் தொண்டையைச் செருமுகிறேன். தேய்த்த இடத்தில் இரண்டு கோட் சிவப்பு அடித்தேன். தேய்க்காத இடத்திலும் அடித்தேன். பெட்ரோல் டாங்க் மூடி, பேட்டரிக்குப் போகும் சார்ஜைக் கவனிக்கிற கட்அவுட் பெட்டி உட்காரும் தகடு என்று கைக்கு எட்டியது எதையும் விடவில்லை. இந்த இரண்டையும் மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பளபளவென்று வண்டி கிளம்பியது. சுமார் இருபது நிமிஷம் ஓடும், பிறகு மூச்சுத் திணறி நிற்கும். கொஞ்ச நேரம் ஆறப்போட்டால் ஒன்றுமே நடக்காததுபோல மறுபடி கிளம்பும். சூடு ஏறினால் காயில் படுத்துவிடும் என்று எங்கோ படித்திருந்தேன். காயில் வாங்கினேன். இருபது நிமிஷம். கண்டென்சர் வாங்கினேன், பாயின்ட் வாங்கினேன், அங்குலத்தில் ஐம்பதில் ஒரு பங்கு இடைவெளி வைத்து அழகாகப் பூட்டினேன். இருபது நிமிஷம். கார்புரேட்டரே புதிதாக வந்து இறங்கியது. அதுவும் இருபது நிமிஷம்தான்.

எதிர்வீட்டுப் பெரியவர் இல்லினாய்ச் சோளக் காட்டில் வளர்ந்தவர். நான் நடுப் புல்வெளியில் நின்றுபோன வண்டிக்குப் பக்கத்தில் இடுப்பில் கை வைத்து நிற்பதை வெகு நாளாகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். ஒருநாள் தெருவைக் கடந்து வந்தார். எதையும் கழற்றவில்லை. டாங்க் மூடியை அரைச் சுற்றுத் திருப்பினார். 'உஸ்' என்று காற்று உள்ளே போனது. சாவியைத் திருப்பச் சொன்னார், கிளம்பிவிட்டது. பெட்ரோல் கீழே இறங்க இறங்க அந்த இடத்துக்குக் காற்று போக வேண்டும், அதற்காக மூடியில் ஊசிமுனை அளவு ஓட்டை உண்டு. அதன்மேல்தான் நான் இரண்டு கோட் சிவப்பு அடித்திருந்தேன். பெரியவர் மூடியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார், கலர் நன்றாக இருக்கிறது என்றார்.

பின் சக்கரத்து ஹப் விவகாரத்தைச் சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன், எனக்கே வெட்கமாக இருக்கிறது. ஆக்சில் சீல் ஒழுகியது. சீல் மாற்ற ஹப்பைக் கழற்ற வேண்டும். ஐம்பது வருஷத் துருவில் அது ஆக்சிலோடு ஒட்டிக்கிடந்தது. துருவெண்ணெய் விட்டு, சூடு காட்டி, புல்லர் போட்டு இறுக்கிவிட்டுக் காத்திருப்பதுதான் முறை. ஒரு வாரம்கூட ஆகலாம், ஒருநாள் ராத்திரி அதுவாகவே 'டக்'கென்று விட்டுவிடும் என்பார்கள். எனக்கு அன்று சாயங்காலமே வேண்டியிருந்தது. சம்மட்டி எடுத்தேன். ஹப் அசையவில்லை, ஆனால் ஆக்சிலின் முனை விரிந்து கொண்டை போட்டுக்கொண்டது. இனி ஹப் தளர்ந்தாலும் அந்தக் கொண்டையைத் தாண்டி வராது. அரம் வைத்து ராவிக்கொண்டிருந்தபோதுதான், கிரீஸ் கட்டிக்குக் கீழே, ஹப்பை ஆக்சிலோடு இறுக்கிப் பிடித்திருந்த சதுரத் தலைத் திருகு கண்ணில் பட்டது. நான் அதைத் தளர்த்தவே இல்லை. தளர்த்தப் போனால் ஸ்பானர் சேரவில்லை. வண்டி முழுக்க அங்குலக் கணக்கு, என்னிடம் இருந்ததெல்லாம் மில்லிமீட்டர் செட். அரை அங்குல போல்ட் தலையில் 13 மில்லிமீட்டர் ஸ்பானர் ஏறக்குறைய உட்காரும். அந்த 'ஏறக்குறைய'யில் நான் உருட்டித் தள்ளிய போல்ட் தலைகளை ஒரு டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன்.

ஆயுத பூஜை வந்தது. வண்டியைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தோம். தமிழ்க் குடும்பங்கள் இரண்டு மூன்று வந்திருந்தன, பிள்ளைகள் போனில் வீடியோ எடுக்கத் தயாராக இருந்தார்கள். சாவியைத் திருப்பினேன். 'கிட்' என்றது. மறுபடி திருப்பினேன், அதுவும் சொல்லவில்லை. பேட்டரி காலி. இந்த வண்டியில் எஞ்சினைக் கிளப்புவதும் பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றுவதும் பெல்ட்டில் ஓடும் ஒரே டைனமோதான். அது கிளப்பும் வேலையை மட்டும் பார்த்துவிட்டு, ஏற்றும் வேலையை விட்டிருந்தது.

"ஏங்க, எலுமிச்சம்பழம் நசுங்குனாப் போதுமுங்க. வண்டி ஓடித்தான் நசுக்கோணுமா?" என்றாள் மனைவி. எல்லோரும் சேர்ந்து தள்ளினோம். நசுங்கியது.

மறுநாளே புதுக் கட்அவுட் வந்தது. டைனமோ வண்டியில் கட்அவுட் மாற்றினால், கிளப்புவதற்கு முன் பேட்டரி முனையையும் டைனமோ முனையையும் ஒரு கம்பியால் ஒரு நொடி தொட்டுவிட வேண்டும். டைனமோவுக்கு எது பாசிட்டிவ், எது நெகட்டிவ் என்று காட்டிக்கொடுப்பதற்காக. அதை விளக்கும் காகிதத்தை நான் அட்டைப்பெட்டியோடு குப்பையில் போட்டுவிட்டேன். புதுக் கட்அவுட்டின் முனைகள் கருகின. இன்னொன்று வாங்கினேன், இந்தத் தடவை முறையாகத் தொட்டேன். அப்போதும் சார்ஜ் ஏறவில்லை. கட்அவுட்டுக்கு எர்த் அதன் அடித்தகடு வழியாகத்தான் வர வேண்டும். அந்தத் தகட்டில் இரண்டு கோட் சிவப்பு. சுரண்டிவிட்டு மாட்டியதும் அம்மீட்டர் முள் எழுந்தது. சந்தேகத்தின்பேரில், கழற்றிப் போட்டிருந்த பழைய கட்அவுட்டை எடுத்து மாட்டிப் பார்த்தேன். அதிலும் எழுந்தது.

இவ்வளவுக்கும் நடுவில் ஒரு விஷயத்தில் எனக்குப் பெருமை இருந்தது. பழைய எஞ்சின்கள் ஆயில் குடிக்கும் என்பார்கள். என் எஞ்சின் குடிப்பதில்லை. ஸ்டிக்கை எடுத்துப் பார்த்தால் போன வாரத்தைவிட ஒரு நூல் கூடவே இருக்கும். ஆயில் ஊறுகிற எஞ்சின் என்று அலுவலகத்தில்கூடச் சொல்லிக்கொண்டேன். அப்பாவிடமும் சொன்னேன்.

"மோந்து பாத்தியா?" என்றார்.

"என்னத்தீங்க?"

"அந்தக் குச்சியத்தான். பெட்ரோல் டேப்ப ராத்திரி மூடறயா இல்லயா?"

மூடுவதில்லை. டாங்க் மேலே, கார்புரேட்டர் கீழே. மிதவையின் ஊசி சரியாக உட்காராவிட்டால் பெட்ரோல் ராத்திரியெல்லாம் சொட்டி, சிலிண்டருக்குள் போய், ரிங்கைத் தாண்டி ஆயிலில் இறங்கும். இந்த எஞ்சினுக்கு ஆயில் பம்பு கிடையாது. கனெக்டிங் ராடின் அடியில் இருக்கும் ஒரு நாக்கு, சுழலும்போது ஆயிலை வாரி இறைக்கும், அவ்வளவுதான். இறைப்பது தண்ணீராக நீர்த்த ஆயில் என்றால் ராடு கடித்துக்கொண்டு முறியும், முறிந்தால் பிளாக்கையே பொத்துக்கொண்டு வெளியே வரும். குச்சியை முகர்ந்தேன். பெட்ரோல் பங்க்கில் நிற்பதுபோல இருந்தது. ஆயிலை வடித்துப் புதிது ஊற்றினேன், டேப்பை மூடினேன். அதற்கு முன்பே ஒரு பழக்கதோஷத்தில் இன்னொரு கார்புரேட்டருக்கு ஆர்டர் போட்டிருந்தேன்.

அலமாரி நிறைந்துவிட்டது. கோடையில் பக்கத்து ஊரில் பழைய டிராக்டர் கண்காட்சி நடந்தபோது, தேவைப்படாத புதுச் சாமான்களையெல்லாம் ஒரு மடக்கு மேசையில் பரப்பி உட்கார்ந்தேன். இதிலாவது போட்ட காசில் பாதி வரட்டும் என்று மனைவியும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். நெடுநேரம் கழித்து ஓர் இளைஞன் வந்து நின்றான். கார்புரேட்டரைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். தன் வண்டி கொஞ்ச நேரம் ஓடிவிட்டு நின்றுவிடுகிறது, ஆறினால் மறுபடி ஓடுகிறது, இதைப் போட்டால் சரியாகுமா என்று கேட்டான். மனைவி என் காலை மிதித்தாள். எதற்கு மிதித்தாள் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை. டாங்க் மூடியைத் தளர்த்திப் பார்த்தாயா என்று கேட்டுவிட்டேன்.

அரை மணி நேரத்தில் சிரித்த முகத்தோடு திரும்பி வந்து கையைப் பிடித்துக் குலுக்கினான். பிறகு அடுத்த மேசைக்குப் போய், புது மூடி ஒன்று வாங்கிக்கொண்டு போனான்.