உருக வேண்டாம், தளர்ந்தால் போதும்

கேள்வி: விமான எரிபொருள் தீயில் எஃகு உருகாதே! பிறகு நியூயார்க் இரட்டைக் கோபுரம் எப்படிச் சரிந்தது? வெடிவைத்தார்கள் என்று ஒப்புக்கொள்ளுங்களேன்!

பதில்: கொல்லுப்பட்டறையில் அரிவாளை வளைக்க இரும்பை உருக்கியா ஊற்றுகிறார்கள்? எஃகு உருக ஏறத்தாழ 1500 டிகிரி செல்சியஸ் வேண்டும். 600 டிகிரி வாக்கிலேயே கிட்டத்தட்ட பாதி வலு போய்விடும். விமானம் மோதிய வேகத்தில் எஃகின் மேலிருந்த தீக்காப்புப் பூச்சும் உதிர்ந்தது. தொய்ந்த தளங்கள் வெளித்தூண்களை உள்ளே இழுத்தன. தெற்குக் கோபுரம் தாக்குப்பிடித்தது 56 நிமிடம்தான்.

கேள்வி: சரி, அதே வளாகத்தில் விமானமே மோதாத 47 மாடி 7-ஆம் எண் கட்டடம் எப்படி விழுந்தது?

பதில்: அங்கே தீ சுமார் 7 மணி நேரம் எரிந்தது. தண்ணீர்க் குழாய்கள் உடைந்திருந்ததால் அணைக்க வழியில்லை. சூட்டில் விரிந்து நீண்ட உத்திரங்கள் இணைப்பைத் தள்ளிவிட, 79-ஆம் எண் தூண் பிடிப்பிழந்து மடங்கியது. 2017-இல் டெஹ்ரானின் பிளாஸ்கோ கட்டடமும் தீயில்தான் விழுந்தது. அங்கே விமானமும் இல்லை, வெடியும் இல்லை.

நியூயார்க்கில் கோபுரங்கள் சரிந்த அன்று 343 தீயணைப்புத் துறையினர் உயிரிழந்தார்கள். சந்தேகப்படுங்கள், தப்பில்லை. அடுத்த முறை மாடிக் கட்டடம் ஒன்றில் நுழையும்போது அவசரப் படிக்கட்டின் கதவு திறக்கிறதா என்று சந்தேகப்படுங்கள். அது உயிரைக் காக்கும்.