நகை நோட்டம்: தொலைக்காட்சிக்கு ஓர் இலக்கணம்

நகையை நோட்டம் பார்க்க நெடுங்காலமாக நம்மிடம் இருந்துவரும் கருவிகள் மூன்று: உரைகல், தராசு, பகல் வெளிச்சம். தொலைக்காட்சி விற்பனையில் இந்த மூன்றும் வாங்குபவர் கையில் இல்லை. 1985-ல் ஃப்ளோரிடாவின் ஹோம் ஷாப்பிங் நெட்வொர்க் என்ற விற்பனை அலைவரிசை அமெரிக்கா முழுவதற்கும் ஒளிபரப்பத் தொடங்கியது. மறு ஆண்டே க்யூவிசி வந்தது. இன்று ஜெய்ப்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட வைபவ் குளோபல் நிறுவனம் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் இத்தகைய அலைவரிசைகளை நடத்துகிறது. உரசாமல், நிறுக்காமல் வாங்கும் பொருளுக்கும் ஓர் இலக்கணம் வேண்டும். அதன் தலையாய விதி இது: தொலைக்காட்சி நகையைக் கண்ணால் மதிப்பிடக் கூடாது, காதால் மதிப்பிட வேண்டும்.

கண்

6 மில்லிமீட்டர் கல் திரையில் 30 சென்டிமீட்டர் அகலத்துக்குத் தெரிந்தால், அது 50 மடங்கு பெரிதாகியிருக்கிறது. வைரத்தைத் தரம் பிரிப்பவர்கள் பார்ப்பது 10 மடங்கில். கல் அசையாமல் இருந்தால் இந்த உருப்பெருக்கம் நமக்கு நன்மையே. உள்ளிருக்கும் மாசு தெரிந்துவிடும். ஆனால் மேடை சுழல்கிறது, சுற்றிலும் சிறு விளக்குகள் எரிகின்றன. பட்டைதோறும் ஒளி தெறிக்கும்போது கல்லின் உட்புறம் புலப்படாது. நிறமும் விளக்கைப் பொறுத்தது: தான்சானைட் என்ற கல் பகலில் நீலம் கூடியும், மஞ்சள் விளக்கில் ஊதா கூடியும் தோன்றும். ஆகவே அளவு, நிறம், மினுமினுப்பு மூன்றுக்கும் திரை சாட்சி ஆகாது.

உலோகம்

இனிக் காதின் வேலை. ‘14 காரட் தங்கம்’ என்று விற்பவர் சொன்னால் ஆயிரத்தில் 585 பங்கு பொன். ‘14 காரட் தங்க முலாம்’ என்று சொன்னால் அந்த மாற்று மேற்பூச்சுக்கு மட்டுமே. உள்ளே பித்தளை இருக்கலாம். இடையில் நிற்பது வெர்மெய்ல், அதாவது 925 வெள்ளியின்மேல் தங்கப் பூச்சு. இதற்கு அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் வழிகாட்டுதல் கேட்கும் கனம் குறைந்தது 2.5 மைக்ரான், ஒரு மில்லிமீட்டரில் நானூறில் ஒரு பங்கு. தினமும் போடும் மோதிரத்தில் அது தேயும். காதணியில் நெடுநாள் நிற்கும்.

மாற்றுக்கு அடுத்தது கிராம். 14 காரட் சங்கிலி 4 கிராம் என்றால் அதிலுள்ள சுத்தத் தங்கம் 2.34 கிராம். அன்றைய விலையால் பெருக்கினால் பொன்னின் மதிப்பு கிடைத்துவிடும். மாற்றைப் பலமுறை சொல்லிக் கிராமைச் சொல்லாத இடத்தில், சங்கிலி உள்ளே கூடானது என்றே கணக்கிட வேண்டும்.

கல்

சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதை, மதுரையின் மணிக்கடைத் தெருவில் வயிரத்துக்குக் காகபாதம், களங்கம், விந்து, ஏகை என நான்கு குற்றங்களைச் சொல்கிறது. அவை தேர்ந்த கண்ணுக்குத் தெரிவன. இன்றைய கல்லின் குற்றம் பெரும்பாலும் உலையில் நிகழ்வது. ஆய்வகத்துக்குத் தெரியும், விற்பவர் சொன்னால் நமக்கும் தெரியும்.

உலையில் இட்டதெல்லாம் குற்றமன்று. 1967-ல் தான்சானியாவின் மெரெலானி குன்றுகளில் கிடைத்த தான்சானைட்டை ஏறக்குறைய எப்போதும் சூடாக்கித்தான் நீலமாக்குகிறார்கள். வணிகம் அதை ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஈயக் கண்ணாடி நிரப்பிய மாணிக்கம் வேறு வகை. விரிசல் நிறைந்த மலிவான கல்லில் கண்ணாடியை உருக்கி ஊற்றியது அது; எலுமிச்சைச் சாறு பட்டாலே கண்ணாடி அரிக்கும், பத்தரின் ஊதுவிளக்கில் கெடும். 2008-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தொலைக்காட்சியில் ஏராளமாக விற்ற, ஆண்டெசின் என்ற சிவப்புக் கல்லின் நிறம் இயற்கையானது என்றே சொல்லப்பட்டது. வெளிறிய கல்லுக்குள் கடும் வெப்பத்தில் செம்பை ஊடுருவவிட்டு வந்த சிவப்பு அது என்பதை மணியியல் ஆய்வுகள் காட்டின. எனவே கேள்விகள் இரண்டு: மண்ணில் விளைந்ததா, ஆய்வகத்தில் வளர்த்ததா? என்ன பக்குவம் செய்தார்கள்?

கல் எடை

கல்லுக்குச் சொல்லும் காரட் மாற்று அல்ல, எடை: ஒரு காரட் 0.2 கிராம். ‘மொத்தம் 1 காரட்’ என்பது பத்துச் சிறு வைரங்களின் கூட்டாக இருந்தால், அதே தரத்து ஒற்றை 1 காரட் வைரத்தின் விலைக்குப் பக்கத்தில்கூட வராது. கல் பெரிதாகப் பெரிதாகக் காரட்டுக்கான விலையும் ஏறும். நம் கடைகளில் அமெரிக்கன் டைமண்ட் எனப்படும் க்யூபிக் ஜிர்கோனியா, வைரத்தைவிட ஏறத்தாழ 1.7 மடங்கு அடர்த்தியானது. 6.5 மில்லிமீட்டர் வட்ட வைரம் 1 காரட் என்றால், அதே அளவு ஜிர்கோனியா 1.7 காரட் நிற்கும். காரட்டோடு மில்லிமீட்டரையும் கேட்பது இதற்காகத்தான்.

விலை

அடித்துக் காட்டிய பழைய விலை, ஓடும் கடிகாரம், குறையும் கையிருப்பு எண்ணிக்கை: இம்மூன்றும் நகையின் குணங்கள் அல்ல, கணக்கில் சேர்க்க வேண்டாம். மதிப்பீட்டுச் சான்றிதழ் காப்பீட்டுக்காக எழுதியதாக இருந்தால், அது புதிதாக ஒன்றை வாங்க ஆகும் செலவு. விற்றால் வரும் தொகை அதைவிடக் குறைவு.

கைக்கு வந்தபின்

திருப்பி அனுப்பும் காலம் முடியுமுன் நிறுத்துப் பார்க்க வேண்டும், அளந்து பார்க்க வேண்டும், ஜன்னலோரம் வைத்துப் பார்க்க வேண்டும். காந்தம் ஒட்டினால் ஐயம் வலுக்கும். ஒட்டாவிட்டால் ஒன்றும் நிரூபணமாகாது, பித்தளையும் செம்பும் ஒட்டாதவையே. பிரிட்டனில் 1 கிராமுக்கு மேற்பட்ட பொன் நகைக்கு ஹால்மார்க் கட்டாயம். அமெரிக்காவில் முத்திரை கட்டாயமில்லை. காரட் பொறித்தால் பக்கத்தில் பொறுப்பாளரின் வணிகச் சின்னமும் இருக்க வேண்டும். இந்தியாவில் 2023 ஏப்ரல் 1 முதல் ஹால்மார்க் நகையில் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க எச்யூஐடி குறியீடு வேண்டும். பிஐஎஸ் கேர் செயலியில் அதைச் சரிபார்க்கலாம்.

அமெரிக்கன் டைமண்டை அதற்குரிய விலைக்கு வாங்கி அணிவதில் ஒரு குறையும் இல்லை. வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்த பணம், சேமிப்பு என்று நம்பி முலாமுக்குப் போகும்போதுதான் இழப்பு. அதனால் வாங்குமுன் தொலைபேசியில் கேளுங்கள்: மாற்று என்ன, எத்தனை கிராம், கல் எது, என்ன பக்குவம், எத்தனை மில்லிமீட்டர்? பதில் வராத ஒவ்வொரு கேள்விக்கும் அங்கே இருக்கக்கூடிய மிகக் குறைந்த பொருளையே வைத்து விலை போடுங்கள். கேட்கும் விலை அந்தக் கூட்டுத்தொகைக்குள் அடங்கினால் வாங்குங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.