முதல் வரியிலேயே பாட்டியைக் கொல்லுங்கள்

அமெரிக்காவில் பிசிஷியன் அசிஸ்டென்ட் படிப்புக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகளே, உங்கள் பாட்டி உயிரோடு இருக்கிறாரா? ஆழ்ந்த அனுதாபங்கள். உங்களுக்கு இடம் கிடைப்பது கஷ்டம்.

காஸ்பா என்னும் பொது விண்ணப்பத் தளத்தில், டாக்டரோடு சேர்ந்து வைத்தியம் பார்க்கும் இந்தத் தொழிலுக்கு ஏன் வர ஆசைப்படுகிறீர்கள் என்று சொல்ல 5,000 எழுத்துகள் தருகிறார்கள். சொல்லுக்குச் சொல் விடும் இடைவெளியும் அந்தக் கணக்கில்தான். முதல் வரியிலேயே படிப்பவரின் சட்டையைப் பிடித்து இழுக்க வேண்டும் என்பது இதை வைத்துப் பிழைக்கும் ஆலோசகர்களின் வேதவாக்கு. பிள்ளைகளும் இழுக்கிறார்கள், எல்லாரும் ஒரே சட்டையை, ஒரே பக்கமாக. மானிட்டர் அலறுகிறது. ஆம்புலன்ஸ் கதவு படாரென்று திறக்கிறது. தரையெல்லாம் ரத்தம். பாட்டி போய்ச் சேருகிறார். மாரடைப்பில் மூச்சுக்குத் திணறும் பெரியவர், அந்த நேரத்திலும் மெனக்கெட்டு, "நீ இந்தத் தொழிலுக்கென்றே பிறந்தவள்" என்று நற்சான்று வழங்கிவிட்டுத்தான் கண்ணை மூடுகிறார். என்ன கடமையுணர்ச்சி!

அவர் பெயரை மறைத்துவிட்டால் தனியுரிமைச் சட்டத்துக்குக் கும்பிடு போட்டாயிற்று. "ஐயா, உங்கள் கடைசி நிமிஷத்தை என் முதல் வரியாக வைத்துக்கொள்ளட்டுமா?" என்று அவரிடம் யார் கேட்டார்கள்? இழவு வீட்டு வாசலில் கடை விரிப்பவன்கூடக் காடாற்றும்வரை பொறுப்பான்.

பிள்ளைகளை மட்டும் திட்டுவது நியாயமில்லை. பல கல்லூரிகள், நோயாளிகளை நேரடியாகக் கவனித்த அனுபவம் 1,000 மணி நேரமாவது வேண்டும் என்கின்றன. அதற்காக அவர்கள் முதியோர் இல்லங்களில் உதவியாளராகச் சேர்கிறார்கள். பெட்பேன் எடுக்கிறார்கள், நடக்க முடியாதவரைத் தூக்கிக் குளிப்பாட்டுகிறார்கள், அற்பக் கூலி வாங்குகிறார்கள். இப்படி வேலை பார்த்த ஒருத்தி உண்மையை எழுதுகிறாள் என்று வையுங்கள்: "இரண்டு மணிக்கொரு தரம் அந்த அம்மாவைத் திருப்பிப் படுக்கவைத்தேன். படுக்கைப்புண் வரவேயில்லை." கட்டுரை திருத்தித் தரும் புண்ணியவான் சிவப்பு மையால் அதை அடிக்கிறார்: "டிராமா போதாது." புண் வந்து, சீழ் பிடித்து, அந்த அம்மா செத்திருந்தால் அருமையான தொடக்கம் கிடைத்திருக்கும். நன்றாகக் கவனித்துக் கெடுத்துவிட்டாள்! இந்த ஞானத்துக்கு டாலரில் கட்டணம். இது போக, விண்ணப்பிக்கும் ஒவ்வொரு கல்லூரிக்கும் தனித்தனியாகப் பணம். இடம் கிடைக்காவிட்டால் அது திரும்பி வராது.

இந்தத் தொழில் பிறந்த கதையைத் தேர்வுக் குழுக்கள் மறந்துவிட்டன போலும். 1965இல் டியூக் பல்கலைக்கழகத்தில் டாக்டர் யூஜின் ஸ்டெட் முதல் வகுப்பைத் தொடங்கினார். ஊருக்கு ஊர் டாக்டர் தட்டுப்பாடு. கடற்படையில் காயம் கட்டிப் பழகிய நான்கு பேரைச் சேர்த்துக்கொண்டார். அவர்களில் மூவர் 1967இல் படிப்பை முடித்து வெளியே வந்தார்கள். அவர்கள் கொண்டுவந்த முதலீடு கைப்பழக்கம். கைப்பழக்கத்தை நம்பி உருவான தொழிலின் வாசலில் இன்று கதாகாலட்சேபப் போட்டி நடக்கிறது. நன்றாக அழவைப்பவர் உள்ளே; நன்றாகக் குளிப்பாட்டியவர் அடுத்த வருஷம் மறுபடி பணம் கட்டலாம்.

கேட்பதென்னவோ எளிய கேள்வி. டாக்டராகவோ நர்ஸாகவோ போகாமல், ஒரு டாக்டரோடு சேர்ந்து நோயாளியைப் பரிசோதித்து, நோயைக் கண்டறிந்து, மருந்து எழுதும் இந்த வேலையை ஏன் தேர்ந்தெடுத்தாய்? அதற்கு நேரான பதிலே போதுமான தொடக்கம். ஆம்புலன்ஸ் சத்தத்தில் அந்தப் பதில் யார் காதிலும் விழுவதில்லை.

தேர்வுக் குழுப் பெரியவர்களே, அடுத்த முறை விண்ணப்பம் கேட்கும்போது, சாதாரணமான ஒரு செவ்வாய்க்கிழமை ஷிப்டில் என்னென்ன செய்தாய், யாரும் சாகாத ஷிப்டாகப் பார்த்துச் சொல் என்று கேளுங்கள். அதைப் படிக்கப் பொறுமை இல்லையென்றால், நாற்காலியை விட்டு எழுந்திருங்கள்.