பத்து நிமிடத்தில் பத்து பாகாட்

பத்து பாகாட்டைச் சுற்றி விற்பனைக்கு வரும் வீடுகள் எல்லாமே ஊரிலிருந்து பத்து நிமிடத்தில் இருக்கின்றன. ஸ்ரீ காடிங் வீடும் பத்து நிமிடம், அதையும் தாண்டி இருக்கும் பாரிட் ராஜா வீடும் பத்து நிமிடம். ஆயர் ஈத்தாம் முகவர் மட்டும் கொஞ்சம் மனசாட்சி உள்ளவர், பதினைந்து என்றார். ஏறக்குறைய 30 கிலோமீட்டரைப் பதினைந்து நிமிடத்தில் கடக்க வேண்டுமானால் மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்தில் போக வேண்டும். வழியில் ஒரு சமிக்ஞை விளக்குகூடச் சிவப்பாகக் கூடாது. பல்கலைக்கழகப் பிள்ளைகள் மோட்டார் சைக்கிளில் குறுக்கே வரக் கூடாது. செம்பனைக் குலை ஏற்றிய லோரி எதுவும் முன்னால் போகக் கூடாது. விடியற்காலை மூன்று மணிக்கு வேலைக்குப் போகிறவருக்கு அந்த வீடு மிகவும் பொருத்தம்.

எங்கள் தேவை பெரிதில்லை. நானும் மனைவியும் ஊருக்குள் வேலை பார்க்கிறோம். மகளுக்குத் தமிழ்ப்பள்ளி, மகனுக்குப் பாலர் பள்ளி, அம்மாவுக்கு வெள்ளிக்கிழமை கோயில், எனக்கு மைவி காரை நிறுத்த ஓர் இடம். இவ்வளவுக்கும் சேர்த்து 300,000 ரிங்கிட். அந்தத் தொகையை வீட்டில் வாய்விட்டுச் சொன்னபோது நானே கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன். வங்கியில் போய்ச் சொன்னதும் பழையபடி உட்கார்ந்துவிட்டேன்.

முதல் வீட்டுக்கு விலையில் 90 விழுக்காடு வரை கடன் கிடைக்கும். தவணைக் காலம் அதிகம் போனால் 35 ஆண்டு. இல்லையென்றால் வாங்குகிறவருக்கு 70 வயது ஆகும்வரை. இரண்டில் எது முந்துகிறதோ அது. "உங்களுக்கு 30 வருஷம்தாண்ணே" என்றார் கடன் பிரிவுத் தம்பி, என் ஆயுள் ரேகையைப் பார்த்தவர்போல. 270,000 ரிங்கிட் கடனுக்கு 4 விழுக்காடு வட்டி என்றால் மாதம் ஏறக்குறைய 1,290 ரிங்கிட் கட்ட வேண்டும். முன்பணத்துக்குச் சேமநிதியைத் தட்டிப் பார்த்தோம். 2024 மே மாதத்திலிருந்து சேமநிதிச் சந்தாவில் 15 விழுக்காடுதான் வீட்டுக்கு எடுக்கக்கூடிய கணக்கில் சேர்கிறது. என் பங்கில் இருந்தது வாசல் கேட் வரைக்கும் வந்தது. மனைவியின் பங்கு வரவேற்பறை வரை போனது. ஒரே ஒரு நல்ல செய்தி: 500,000 ரிங்கிட்டுக்கு உட்பட்ட முதல் வீடு என்பதால் பெயர் மாற்றத்துக்கான முத்திரை வரி கிடையாது. இல்லாவிட்டால் 5,000 ரிங்கிட் போயிருக்கும். மிச்சமான அந்த 5,000த்தை, வீடே கிடைக்காத நிலையில், அம்மா இரும்புக் கிரில்லுக்கு ஒதுக்கி வைத்துவிட்டார்.

மைத்துனருக்கு இதெல்லாம் வேடிக்கை. அவர் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். வார நாள்களில் ஜொகூர் பாருவில் ஒரு வாடகை அறை, வார இறுதியில் பத்து பாகாட்டில் குடும்பம். இந்த ஏற்பாட்டில் ஒரு கோளாறு இருந்தது. 2014 முதல் 2024 வரை ஜொகூரில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். சிங்கப்பூரில் சனியும் ஞாயிறும். ஆகவே அவர் சனிக்கிழமை மட்டும் அப்பா. ஞாயிற்றுக்கிழமை எழுந்தால் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருப்பார்கள். 2025 ஜனவரியில் ஜொகூரும் சனி, ஞாயிறுக்குத் திரும்பியது. இரண்டு நாளும் அப்பா வீட்டில் இருப்பதைப் பார்த்துப் பிள்ளைகள் கொஞ்சம் திகைத்துத்தான் போனார்கள்.

"மச்சான், ஜொகூர் பாருவுல வாங்கிப் போடுங்க. ஆர்.டி.எஸ். ரயில் வரப்போகுது" என்பார் அவர். புக்கிட் சாகாரிலிருந்து உட்லண்ட்ஸ் நார்த் வரை, மணிக்கு ஒரு திசையில் 10,000 பேரை ஏற்றிப் போகும் ரயில். பாதையின் நீளம் 4 கிலோமீட்டர்தான். ஆனால் அது 40 கிலோமீட்டர் சுற்றளவுக்கு வீட்டு விலையை ஏற்றிவிட்டது. என் 300,000 ரிங்கிட்டுக்கு அங்கே கிடைத்தது அடுக்குமாடியில் இரண்டு படுக்கையறை. அம்மா பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, "கீழே விழுந்த துணியை எடுக்க லிஃப்ட்டுல போகணுமா?" என்று கேட்டார். அத்தோடு ஜொகூர் பாரு முடிந்தது.

"வரப்போகுது" என்ற சொல் இந்த மாவட்டத்தில் வீட்டு விலையோடு சேர்ந்தே வருகிறது. இதை என் மனைவியின் தாய்மாமாவைக் கேட்டால் சொல்வார். கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் இடையே அதிவேக ரயில் ஓடப்போகிறது என்று 2016 டிசம்பரில் இரு நாடுகளும் கையெழுத்துப் போட்டன. 350 கிலோமீட்டர், 90 நிமிடம். மலேசியப் பக்கத்தில் ஏழு நிலையங்கள். அவற்றில் ஒன்று நம்ம பத்து பாகாட்! பூரா கெஞ்சானாவில் நிலையம் என்றார்கள். மாமா அந்தப் பக்கம் ஒரு வீட்டை வாங்கினார். காலையில் இங்கே கோப்பி குடித்துவிட்டுச் சிங்கப்பூரில் வேலைக்குப் போய்ச் சாயங்காலம் வீட்டுக்கு வந்து செடிக்குத் தண்ணீர் ஊற்றலாம் என்பது அவர் திட்டம். 2018இல் திட்டத்தைத் தள்ளிவைத்தார்கள். 2021 ஜனவரி முதல் நாள் ஒரேயடியாக ரத்து என்று அறிவித்தார்கள். ஒப்பந்தம் முறிந்ததற்காக மலேசியா 102.8 மில்லியன் சிங்கப்பூர் வெள்ளி இழப்பீடு கொடுத்தது. "அந்தக் காசுல நம்ம ஸ்டேஷனை மட்டுமாவது கட்டியிருக்கலாம். ரயில் அப்புறம் வரட்டுமே" என்பது மாமாவின் வாதம். 2023இல் தனியார் நிறுவனங்களிடம் மறுபடி யோசனை கேட்டார்கள் என்று செய்தி வந்ததும் வீட்டுக்குச் சாயம் அடித்தார். பாவம், நல்ல மனிதர். செடிகளும் நன்றாகத்தான் இருக்கின்றன.

ரயிலே இல்லையா என்றால் இருக்கிறது, குளுவாங்கில். 2025 ஆகஸ்டில் இ.டி.எஸ். மின்ரயில் குளுவாங் வரை வந்தது, டிசம்பரில் ஜொகூர் பாரு வரை போனது. "ரயில் பக்கம்தான் பாஸ்" என்று முகவர்கள் இப்போது இதையும் விலையில் சேர்க்கிறார்கள். குளுவாங் இங்கிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர். அவர்கள் கணக்கில் இருபது நிமிடம் இருக்கும்.

குடும்பத்துக்கு ஏற்ற தாமான் எது என்று கண்டுபிடிக்க நான் இணையத்தில் பள்ளி, மருத்துவமனை, பேரங்காடி எல்லாவற்றின் தூரத்தையும் எடுத்து ஓர் அட்டவணை போட்டேன். அம்மா அதைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. காரை மெதுவாக ஓட்டச் சொல்லி, கண்ணாடியை இறக்கிவிட்டு, தெருத்தெருவாகப் பார்த்துக்கொண்டே வந்தார். எதைப் பார்க்கிறார் என்பது போகப் போகத்தான் புரிந்தது. வாசலில் கறிவேப்பிலைச் செடி உள்ள வீடு எத்தனை, நிலைப்படியில் காய்ந்துபோன மாவிலைத் தோரணம் உள்ள வீடு எத்தனை, வேலிக்கு வெளியே முருங்கை நிற்கிறதா. ஒரு தாமானில் மூன்று முருங்கை மரம் இருந்தது. "இங்கே ஆள் இருக்கு" என்றார். அந்த மரத்தடியில் நின்றிருந்த பெரியம்மாவிடம் பேச்சுக் கொடுத்தார். கால் மணி நேரத்தில் பள்ளி வேன் எத்தனை மணிக்கு வரும், மாதம் எவ்வளவு, வேன்காரர் எப்படிப்பட்டவர், பாசார் மாலாம் என்றைக்கு, எந்த வீட்டு நாய் கடிக்கும், எந்த வரிசையில் திருட்டு நடந்தது என்ற விவரமெல்லாம் கைக்கு வந்துவிட்டது. போகிற போக்கில் அம்மாவும் அந்தப் பெரியம்மாவும் ஒரே தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவர்களின் வாரிசுகள் என்றும் தெரிய வந்தது. என் அட்டவணையில் நாய்க்குக் கட்டம் இல்லை.

அந்தத் தாமானிலேயே ஒரு வீடு எங்கள் விலைக்கு வந்தது. அதுவும் கார்னர் லாட். பூமி லாட், அதாவது பூமிபுத்ராக்களுக்கு மட்டும், என்று அடுத்த வரியில் இருந்தது. கார்னர் கதை அதோடு சரி. இன்னொன்று நல்ல வீடு, விலையும் 20,000 ரிங்கிட் குறைவு. ஏன் குறைவு என்று போய்ப் பார்த்தால், எதிர்த் தெரு நேராக வந்து வாசலில் முட்டுகிறது. தெருக்குத்து! சீனர்களும் இப்படிப்பட்ட வீட்டைத் தொடமாட்டார்கள். இரண்டு சமூகமும் ஒரே குரலில் வேண்டாம் என்று சொன்ன வீடு மலாய்க்காரர் ஒருவருக்காகக் காத்திருந்தது. முகவர் விடவில்லை. "சீனர் வாங்கினா கண்ணாடி மாட்டுவோம். நீங்க வாங்கினா பிள்ளையார் வைங்க, பாஸ்" என்றார். தமிழர்களுக்கு வீடு விற்றுப் பழகிய சீனர் அவர். தெருக்குத்துப் பிள்ளையாரைப் பற்றி என் பிள்ளைகளைவிட அவருக்கு அதிகம் தெரிந்திருந்தது. அம்மா பிள்ளையாருக்கு ஒப்புக்கொண்டார். மனைவிதான், "பிரேக் பிடிக்காத லோரிக்குப் பிள்ளையார் இருப்பது தெரியுமா?" என்று கேட்டு அதை முடித்துவைத்தார்.

பாரிட் ராஜாவில் வாங்கலாமா என்றும் ஓர் ஆசை இருந்தது. துன் உசேன் ஓன் பல்கலைக்கழகம் அங்கேதான் இருக்கிறது. மாணவர் கூட்டம், சாப்பாட்டுக் கடைகள், இரவெல்லாம் வெளிச்சம். அந்தப் பல்கலைக்கழகத்தில் மென்மண்ணை ஆராய்வதற்கென்றே ஒரு மையம் இருக்கிறது என்று அங்கே படித்த உறவுக்காரப் பையன் சொன்னான். அவன் பெருமையாகத்தான் சொன்னான். எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஆராய்ச்சிக்கு மண்ணை வெளியூரிலிருந்தா கொண்டுவருவார்கள்? இந்தக் கரையோரம் முழுக்கக் கடல் களிமண், கரிமண். பாரிட் என்று பெயர் வைத்த கால்வாய்களை வெட்டித் தண்ணீரை வடித்த பிறகுதான் இங்கே குடியிருக்கவே முடிந்தது. வீட்டுக்கு அடியில் ஆழமாகப் பைலிங் இறக்கியிருப்பார்கள். பின்னால் நாமே இழுத்துக் கட்டிய சமையலறைக்கும் முன்னால் போட்ட கார் நிறுத்துமிடத்துக்கும் அது இருக்காது. ஆகவே வீடு நிற்கும், சமையலறை இறங்கும். ஒரு வீட்டில் நடுக்கூடத்திலிருந்து சமையலறைக்குப் போக ஒரு படி இருந்தது. "டிசைன்" என்றார் வீட்டுக்காரர். சுவருக்கும் தரைக்கும் நடுவே என் கட்டைவிரல் போனது. அதற்கு அவர் பெயர் வைக்கவில்லை.

ஆயர் ஈத்தாமில் 40,000 ரிங்கிட் மலிவாக ஒன்று கிடைத்தது. இரவில் மனைவி நோட்டை எடுத்துக் கணக்குப் போட்டார். கடன் 40,000 குறைந்தால் மாதத் தவணையில் 191 ரிங்கிட் மிச்சம். போக வர நாளுக்கு 60 கிலோமீட்டர், மாதம் 22 நாள், 1,320 கிலோமீட்டர். லிட்டருக்கு 14 கிலோமீட்டர் கொடுத்தால் 94 லிட்டர். பெட்ரோலின் மானிய விலை 1.99 ரிங்கிட். மொத்தம் 188. "மாசம் மூணு வெள்ளி லாபம்" என்று நோட்டை மூடினார். டயர், எண்ணெய் மாற்றுவது, பிள்ளைகளைக் காலை ஐந்து மணிக்கு எழுப்புவது இவையெல்லாம் அந்த மூன்று வெள்ளிக்குள் அடங்க வேண்டும்.

இத்தனை "வரப்போகுது"களுக்கு நடுவே, யாரும் விளம்பரம் போடாமல் வந்தது தண்ணீர்தான். 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் வந்தது. 2023 மார்ச்சில் மறுபடி வந்தது. அந்த முறை மற்ற மாவட்டங்களில் மக்கள் வீடு திரும்பிய பிறகும் பத்து பாகாட்டில் நிவாரண மையங்கள் வாரக்கணக்கில் மூடப்படவில்லை. பெக்கோக்கிலும் செம்புரோங்கிலும் பெய்கிற மழை எங்கள் ஆற்றுக்குத்தான் வருகிறது. ஊரோ தட்டைச் சமவெளி. கடலில் பெருக்கு ஏறினால் ஆறு இறங்க இடமில்லாமல் நிற்கும். இவ்வளவும் தெரிந்துகொண்டுதான் வீட்டுக்காரர்களிடம் கேட்டோம். "வெள்ளமா? இங்கேயா? சேச்சே, தண்ணி கொஞ்சம் ஏறும், அப்புறம் இறங்கிடும்" என்றார்கள். இறங்கிடும் என்பது பொய்யில்லை. என்றைக்கு என்பதை மட்டும் சொல்ல மாட்டார்கள்.

கடைசியில் முருங்கை மரத் தாமானிலேயே, ஸ்ரீ காடிங் பக்கம், ஒற்றை மாடி டெரஸ் ஒன்றை வாங்கினோம். இடைவரிசை வீடு, பழையது, பக்கத்தில் வரப்போவது எதுவும் இல்லை. 2023இல் சாலை வரைக்கும் வந்த தண்ணீர் வாசற்படி ஏறவில்லை என்று பெரியம்மா சத்தியம் செய்தார். அவர் வீடு விற்பவர் இல்லை என்பதால் நம்பினோம். ஊருக்கு இருபது நிமிடம். பள்ளி விடும் நேரத்தில் மழையும் சேர்ந்தால் நாற்பது. கிரில் 5,000 ரிங்கிட்டுக்குள் முடியவில்லை.

நீங்களும் இந்தப் பக்கம் வீடு தேடுவதாக இருந்தால் வெயில் நாளில் மத்தியானம் போகாதீர்கள்; முகவர்கள் அந்த நேரத்துக்குத்தான் கூப்பிடுவார்கள். காலை ஆறரைக்கு ஒரு தடவை, நல்ல மழையில் ஒரு தடவை போங்கள். சுவரில் முழங்கால் உயரத்தில் கோடு இருக்கிறதா என்று பாருங்கள். புதுச் சாயம் அடித்திருந்தால் பக்கத்து வீட்டுச் சுவரைப் பாருங்கள். பக்கத்து வீட்டுக்கும் புதுச் சாயம் அடித்திருந்தால் காரை விட்டு இறங்காமல் திரும்பிவிடுங்கள்.