கூட்டல் கொஞ்சம் காத்திருக்கட்டும்

ஏலே பேராண்டி, எஞ்சினியரிங் படிக்கிற புள்ள கலூர் டீக்கடையில இப்படியா மல்லுக்கு நிக்கது? செவ்வாய்க்கிழமை வேற. அந்தோணியார் கோயிலுக்கு வந்த சனமெல்லாம் நேர்ச்சையை மறந்துட்டு உன் மூஞ்சியத்தான் பாக்கு.

டீ ஒண்ணு 15 ரூவா, பழம்பொரி மூணு, ஒண்ணு 12 ரூவா. கடைக்காரரு 15, கூட்டல், 3, பெருக்கல், 12ன்னு தட்டினாரு, 216ன்னு வந்துச்சு. உன் போன்ல அதையே தட்டினா 51. ஒண்ணு ரிப்பேருன்னு நீ குதிக்க. ரெண்டும் நல்ல மிஷின்தாம்லே. மேசையில கெடக்கிற சின்னக் கால்குலேட்டர் பட்டன் அமுக்க அமுக்க அப்பப்பவே கணக்க முடிச்சுரும். 15ம் 3ம் 18, அத 12ஆல பெருக்கி 216. போன் கடைசி வரைக்கும் கேட்டுட்டுத்தான் வாயத் தெறக்கும். உங்க ஆச்சி எந்த ரகம்னு நான் சொல்லமாட்டேன், ராத்திரி சோறு வேணும்.

பெருக்கல் முந்தி, கூட்டல் பிந்தின்னு சட்டம் போட்டது யாருன்னு கேக்கியா? சட்டத்த விடு, தட்டப் பாரு. 15 ரூவா, 3 பழம்பொரி. ரூவாயையும் பழம்பொரியையும் கூட்டி 18ன்னா, 18 என்னதுலே? பழம்பொரிய முதல்ல ரூவாயா மாத்து, 36. அப்புறம் ரூவாயோட ரூவாயச் சேரு. மட்டாஞ்சேரியில மிளகு மூட்டைக்குக் கணக்கு எழுதின காலத்துல இந்தச் சட்டத்துக்குப் போட்மாஸ்னு ஒரு பேரு இருக்கதையே நான் கேட்டதில்ல. ஆனா மூட்டையக் கிலோவாக்காம சில்லறைக் கிலோவோட சேத்தா முதலாளி வாயில என்ன வரும்னு நல்லாத் தெரியும்.

போட்மாஸ் படிச்சவனும் யோக்கியமில்ல. 20 − 8 + 5 எவ்வளவுன்னு கேட்டா 7ங்கான். கேட்டா, போட்மாஸ்ங்கிற பேருல கூட்டலோட எழுத்துதான முந்தி வருதுங்கான். கூட்டலும் கழித்தலும் பங்காளிக, ஒரே மட்டம். இடமிருந்து வலமா யாரு முந்தி நிக்காகளோ அவுகளுக்கு முந்தி. 17தான் விடை. பெருக்கல், வகுத்தலும் அப்படித்தான்: 12 ÷ 2 × 3 போட்டா 18. 2ன்னு சொல்லுதவன் வகுத்தல வரிசையிலயிருந்து பின்னால தள்ளிட்டான்.

இந்தச் சண்டைக்கெல்லாம் குறிகள்தான் காரணம்னு எனக்கு ஒரு நினைப்பு. இங்கயிருந்து வடக்க பஸ் ஏறினா இரிஞ்ஞாலக்குடை. சங்கமகிராம மாதவன் பிறந்த ஊருன்னு சொல்லுதாக. அவரு வழியில வந்த ஜ்யேஷ்டதேவன் 1530 வாக்குல ‘யுக்திபாஷா’ன்னு மலையாளத்துல கணக்குப் புஸ்தகம் எழுதினாரு. வட்டத்தோட சுத்தளவுக்கு முடிவில்லாத தொடரையே அதுல நிறுவிக்காட்டி இருக்காரு. அவ்வளவும் வசனம்! இத எடு, அதால பெருக்கு, வந்ததுல இன்னத கூட்டுன்னு வாயாலேயே வரிசை சொல்லிருவாரு. அங்க போய் எது முந்தின்னு யாரு கேப்பான்? சமக்குறியே இங்கிலாந்துல ராபர்ட் ரெக்கார்டு 1557ல போட்டதுதான். குறி வந்ததும் எழுத்து சுருங்குச்சு, சுருங்கினதும் வரிசை வாயில இல்லாம மனசுல போய் உக்காந்துச்சு. அடுத்தவன் மனசு நமக்கு எப்படித் தெரியும்?

2019ல ஊரே 8 ÷ 2(2+2) வச்சு அடிச்சுக்கிச்சே, ஞாபகம் இருக்கா? ஒரு கூட்டம் 16ங்குது, இன்னொரு கூட்டம் 1ங்குது. இடமிருந்து வலமா போனா 4 × 4, 16. ஒட்டி நிக்கிற 2ஐயும் அடைப்பையும் ஒரே ஆளாப் பாத்தா 8ஐ 8ஆல வகுத்து 1. ரெண்டு பழக்கமும் படிச்சவங்ககிட்டயே உண்டு. நீயும் உன் சேக்காளியும் சட்டையப் பிடிச்சீங்களே, எழுதினவன் சட்டைய எவனாவது பிடிச்சானா? ஒரு அடைப்புக்குறி போட அவனுக்குக் காசா கேட்டாக?

உன் எக்செல்கிட்டயும் எச்சரிக்கையா இரு. −3^2ன்னு போட்டா 9ங்கும். வாத்தியாருகிட்ட அதையே எழுதினா −9. மார்க்கு போடுறது வாத்தியாரு.

சரி, அடுத்த வாரம் கூப்பனோட மிக்சி வாங்கப் போறியாமே? 1000 ரூவா சாமான், 18 சதவீத வரின்னு வச்சுக்கோ. தள்ளுபடி நூத்துக்குப் பத்துன்னா தலைவலியே இல்ல. வரிக்கு முன்னால தள்ளினாலும் பின்னால தள்ளினாலும் 1062தான். ரெண்டும் பெருக்கல்லா! ஆனா உன் கூப்பன் மொத்தமா 100 ரூவா கழிக்கிறது. முதல்ல கழிச்சு அப்புறம் வரி போட்டா 1062. வரி போட்டுட்டுக் கழிச்சா 1080. அங்க போய் போட்மாஸ் பேசிக் கத்தாத. “வரிக்கு முன்னாலயா, பின்னாலயா?”ன்னு மட்டும் பவ்யமாக் கேளு. பில்லு போடுற புள்ளைக்குத் தெரியாது, மேனேஜரக் கூப்பிடும். அவரு வர வரைக்கும் ஏசி காத்துல நில்லு. என்னையும் கூட்டிட்டுப் போ, நானும் நிக்கேன்.