போக்கர் மேசையில் ஒரு கணக்காளர்

கடன் கழுத்தை நெரித்தபோது இணையத்தில் போக்கர் ஆடத் தொடங்கிய ஒருவர் கோடீஸ்வரர் ஆனாராமே?
– ஒரு வாசகர், கரூர்

கோடீஸ்வரர் ஆனது உண்மைதான். அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தைச் சேர்ந்த கணக்காளர் கிறிஸ் மனிமேக்கர். 2003-இல் இணையத் தகுதிச்சுற்றுக்கு அவர் கட்டியது 86 டாலர். லாஸ் வேகஸ் உலகப் போட்டியில் வென்றது 25 லட்சம் டாலர். அந்த மேசைகளில் மொத்தம் 839 பேர். தோற்ற 838 பேரில் ஒருவர் பெயராவது உங்கள் காதுக்கு எட்டியதா?

திறமை இருந்தால் ஜெயிக்கலாம் அல்லவா?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

ஓர் அட்டையைக்கூடத் தொடாமல் ஜெயிப்பவர் ஒருவர் உண்டு. தளத்தை நடத்துபவர்! பணம் கட்டி ஆடும் மேசையில் யார் வென்றாலும் சேர்ந்த தொகையிலிருந்து அவருக்கு ஒரு பங்கு போய்விடும். திறமைசாலி அந்தப் பங்கையும் தாண்டி ஜெயிக்க வேண்டும். வாடகைப் பணத்தை வைத்து ஆடுகிறவர் பயத்தோடு ஆடுவார். எதிரில் இருப்பவருக்கு அந்தப் பயம் போதும். கஷ்டத்தில் இருப்பவர்கள் தயவுசெய்து அந்தப் பக்கம் போகாதீர்கள். 2025-இல் நம் நாடாளுமன்றமும் பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்து சட்டம் நிறைவேற்றிவிட்டது.

மனிமேக்கரைப் பார்த்துக் கிளம்பியவர்கள் என்ன ஆனார்கள்?
– ஒரு வாசகர், நாகர்கோவில்

அடுத்த ஆண்டே அதே போட்டிக்கு 2,576 பேர் வந்தார்கள். 2006-இல் 8,773 பேர். 2011 ஏப்ரல் 15 அன்று அமெரிக்க அரசு பெரிய தளங்கள் மீது வழக்குத் தொடுத்து முடக்கியது. அவற்றில் ஒன்றான ஃபுல் டில்ட் தளத்தில் பணம் வைத்திருந்த அமெரிக்கர்களுக்கு அது திரும்பக் கிடைக்கத் தொடங்கியது 2014-இல்தான்.